நாற்காலி அக்கா

விளக்கு பார்க்கப் போகலாம் என்று சொன்னது அண்ணிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் அண்ணன் இன்றைக்கும் அந்தப் பழியைத் தூக்கி என் தலையில்தான் போடுகிறான்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் எங்கள் நகரத்தில் எல்லோருடைய காலும் தானாகவே அந்தப் பெரிய வணிக வளாகத்தின் பக்கம் திரும்பிவிடும். வளாகத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியை வேலி போட்டு அடைத்து, உள்ளே விளக்குகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் அண்ணன் ஊரையே திட்டிக்கொண்டு வந்தான். பின்னால் அண்ணி. அண்ணியின் இடுப்பில் கோந்து.

கோந்து என் அண்ணன் மகள். ஒன்றரை வயது. வீட்டில் அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள், கோந்து என்பது நான் வைத்தது. பிறந்ததிலிருந்து அம்மா மேல் ஒட்டிக்கொண்டவள், பிரித்தெடுக்க ஆளில்லை. பெற்ற அப்பனிடம் போகமாட்டாள். ஒரே வீட்டில் இருக்கிற அத்தை நான், என்னிடமும் வரமாட்டாள். கீழே விட்டால் அலறல், கட்டிலில் போட்டால் அலறல். அண்ணி ஒற்றைக் கையால் சமைக்கக் கற்றுக்கொண்டாள். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குளிப்பது என்பதையே மறந்துபோனாள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருந்தவள், அதையும் விட்டாள். வலது தோள் இடது தோளைவிட இறங்கிவிட்டது என்று நான் கேலி செய்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் உயிர் இருக்காது.

"ஒரு மணி நேரம்," என்று வண்டியில் வரும்போது சொன்னாள். "ஒரே ஒரு மணி நேரம் என் கை சும்மா இருந்தா போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

அதைச் சொன்னபோது அவள் அழுதுவிடுவாள் போல இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே கூட்டம் நெரிந்தது. கம்பியை வளைத்து விளக்கு சுற்றிய மான்கள் வரிசையாக நின்றன. ஆள் நடந்துபோகிற மாதிரி விளக்காலேயே ஒரு குகைவழி. அதற்கு அப்பால் ஓர் இயந்திரம் சோப்பு நுரையைக் காற்றில் ஊதிப் பனி என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஈரப் புல்லும் சூடேறிய வயரும் சேர்ந்து ஒரு வாசனை. ஒலிபெருக்கியில் மணியோசைப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, கோந்து மட்டும் முகத்தை அண்ணியின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். காசு கொடுத்து விளக்கு பார்க்க வந்து அம்மாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் இவளாகத்தான் இருக்கும்.

"இவ தனியா இருக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்," என்றாள் அண்ணி. "எல்லாப் போட்டோலயும் என் தோளும் கையுந்தான் இருக்கு."

அப்படித்தான் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீட்டு வரிசையில் போய் நின்றோம்.

புல்வெளியின் ஓரத்தில் பலகையால் அடித்த சின்ன வீடு. உள்ளே ஒரு பக்கம் போலிக் கணப்படுப்பு, ஒரு பக்கம் பரிசுப்பெட்டிகள், நடுவில் நாற்காலி. சிம்மாசனம் என்றே சொல்லலாம். தங்கப்பூச்சு அடித்த மரம், ஆள் உயர முதுகு, முழுக்கச் சிவப்பு வெல்வெட். தாத்தாவின் மடியில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். அதனால் பிள்ளை நாற்காலியில், தாத்தா பக்கத்தில் நிற்பார். தாடிக்குள் இருந்தது இருபது வயதுப் பையன். போட்டோக்காரர் மட்டும் நரைத்தவர், மெலிந்தவர், யார் கண்ணையும் பார்க்காதவர்.

எங்களுக்கு முன்னால் போன சின்னப் பிள்ளைகளெல்லாம் ஒன்று விடாமல் அழுதன. சறுக்கி இறங்கின, உருண்டன, தாத்தாவின் தாடியைப் பிய்த்தன. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் மட்டும் பல்லைக் காட்டிவிட்டுப் போயின. எங்கள் முறை வந்தது. அண்ணி குனிந்து கோந்தை நாற்காலியில் வைத்தாள். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் அழவில்லை.

அண்ணியின் கழுத்தில் இருந்த கை தானாக விட்டது. கொஞ்சம் பின்னால் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, வெகுநாளாகத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டவள் போல உட்கார்ந்தாள்.

போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். கேமராவின் திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

அண்ணி தூக்கப் போனபோது கோந்து உடனே வரவில்லை. இறுக்கி மூடின பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி அண்ணி அவளை இழுக்க வேண்டியிருந்தது. அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாரேன், வர மாட்டேங்குறா," என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

எனக்கு மட்டும் மூக்கில் ஏதோ உறுத்தியது. நான் டிரை கிளீனிங் கடையில் வேலை பார்க்கிறவள். வெல்வெட்டில் வியர்வை இறங்கினால் சுலபத்தில் போகாது, எத்தனை முறை வெளுத்தாலும் சூடு பட்டதும் கிளம்பி வரும். அந்த நாற்காலியிலிருந்து வந்தது பிள்ளைகளின் பால்வாசம் இல்லை. நாள் முழுக்க உழைத்த ஒரு பெரிய ஆளின் வியர்வை. நாற்காலி முதுகில், பிள்ளையின் இடுப்பு வரும் உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான தையல்களும் இருந்தன. முன்பு திறந்திருந்த எதையோ மூடித் தைத்த தையல்.

சற்று நேரத்தில் புல்வெளியின் மறுகோடியில் பெரிய மரத்தின் விளக்காட்டம் ஆரம்பமாகப் போவதாக அறிவித்தார்கள். வரிசை அப்படியே கலைந்து ஓடியது. தாத்தா தாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் புகைபிடிக்கப் போனான். போட்டோக்காரர் தேநீர் குடிக்கப் போனார். அண்ணி ஆளில்லாத வீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காரட்டும். நீ பாத்துக்கோ," என்றாள்.

கோந்தை மறுபடி நாற்காலியில் வைத்தாள். கோந்து மறுபடி பெருமூச்சு விட்டாள். அண்ணி இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அண்ணனின் கையைக் கோத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் நடந்த மாதிரி வீசி வீசி நடந்து போனாள். எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டே சொல்கிறேன், அந்த நேரம் அந்த நாற்காலியை நான் மனதார வாழ்த்தினேன்.

வீட்டுக்குள் நானும் கோந்தும்.

வெளியே கூட்டத்தின் இரைச்சல் தள்ளிப் போயிருந்தது. போலிக் கணப்படுப்பின் பல்பு மட்டும் ரீங்கரித்தது. கோந்து கால்களை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவள் கால்களை ஆட்டவில்லை. அவள் முழுவதுமே ஆடிக்கொண்டிருந்தாள். இடமும் வலமுமாக, மெதுவாக, தூங்கவைக்கிற மாதிரி.

அது ஆடும் நாற்காலி இல்லை.

எழுந்து பக்கத்தில் போனேன். அவள் முதுகு நாற்காலியில் படவே இல்லை. நடுவில் ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில் எதுவும் இல்லை, ஆனால் அவள் அதில்தான் சாய்ந்திருந்தாள்.

அவளுடைய கவுன் இடுப்பில் இரண்டு பக்கமும் அமுங்கியிருந்தது. துணி மடிந்து சுருங்கியிருந்தது. ஒவ்வொரு சுருக்கமும் ஒரு விரல் அகலம்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

கோந்து இல்லை. கோந்து வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இவள இங்க தனியா உக்கார வச்சது?"

வாசலில் போட்டோக்காரர். கையில் இருந்த தேநீரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, மறுகையால் பிள்ளையை வளைத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வெல்வெட் தரையில் இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் மரம் முனகுமே, அப்படி அந்த நாற்காலி முனகியது.

கோந்து அலறினாள். நாற்காலியைப் பார்த்துக் கை நீட்டி அலறினாள்.

"கூட்டிட்டுப் போயிடுங்க, மேடம்," என்றார். பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

அண்ணி திரும்பி வந்தாள். கன்னம் சிவந்து, முடியில் சோப்புநுரை ஒட்டி, அழகாக இருந்தாள். கைகளை நீட்டி "வாடி என் தங்கம்" என்றாள். கோந்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பலகை வீட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து படத்தை அண்ணி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். தனியாக, அமைதியாக, ராணி மாதிரி கோந்து. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கவுனுக்கும் நாற்காலி மெத்தைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. மெத்தை மட்டும் நன்றாக அமுங்கியிருந்தது. அண்ணனிடம் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும், உனக்கு எதிலும் நொட்டை சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்றான்.

மறுநாள் காலையில் கோந்து அண்ணியிடம் போகவில்லை. தானே தத்தித் தத்திச் சோபாவின் மூலைக்குப் போய்க் கைகளைத் தூக்கினாள், தூக்கிவிடு என்பது போல. அண்ணி ஓடிவந்து தூக்கி அங்கே வைத்தாள். அங்கேயே இருந்தாள். காலை முழுக்க இருந்தாள். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாள். உள்ளே பாட்டுப் பாடுவது கேட்டது.

நான் சோபாவின் அருகில் முழந்தாளிட்டேன். மெத்தை, பெரிய ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கியிருந்தது. கோந்தின் கால்கள் மெத்தைக்கு மேலே தொங்கின. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கையை விட்டேன். அவள் உட்கார்ந்த இடத்துக்கும் மெத்தைக்கும் நடுவே என் கை சுலபமாகப் போனது. உள்ளே காற்று குளிர்ந்திருந்தது.

பாதி வழியில் என் கை எதன் மேலோ பட்டது.

துணி. வெல்வெட். அதற்குக் கீழே ஒரு முழங்கால்.

கையை எப்படி வெளியே எடுத்தேன் என்று தெரியாது. கோந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அண்ணிக்கு நரகம். முதல் நாள் சந்தோஷமாகப் போனதோடு சரி. இரண்டாவது நாள் சாப்பாடு ஊட்டத் தூக்கினால் கோந்து முகத்தில் அறைந்தாள். பால் கொடுக்கப் போனால் மார்பில் கடித்தாள். அம்மா தொட்டால் அலறல், சோபாவில் வைத்தால் சிரிப்பு. ஒரு மணி நேரம் வேண்டுமென்று கேட்டவளுக்கு நாள் முழுக்கக் கிடைத்தது. அடுப்படியில் நின்று அழுதுகொண்டே இரண்டு கையாலும் காய் நறுக்கினாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் தொட்டதைச் சொன்னேன். அண்ணன் கத்தினான். அண்ணி கத்தவில்லை, நம்பினாள்.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அந்தப் புல்வெளிக்குப் போனேன். பகலில் விளக்கில்லாமல் அந்த மான்கள் வெறும் கம்பிக்கூடுகளாக நின்றன. போட்டோக்காரர் பலகை வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துடைப்பத்தைக் கீழே வைத்தார். வருவேன் என்று தெரிந்திருந்தவர் மாதிரி இருந்தது.

அவர் சொன்னது இதுதான். போன வருஷம் வரை அந்த நாற்காலியின் முதுகு உள்ளே கூடாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் தனியாக உட்காராது என்பதால் உள்ளே ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவள் மேல் வெல்வெட் உறை. முதுகில் இருந்த இரண்டு கிழிசல் வழியாகக் கைகளை நீட்டுவாள், கைக்கும் அதே வெல்வெட்டில் உறை. பிள்ளையை அவள் மடிமேல்தான் வைப்பார்கள். இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் பார்த்தால் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பவளுக்கு வெளியே எதுவும் கண்ணில் தெரியாது, பேச்சும் சரியாகக் கேட்காது. மடியில் பாரம் வந்தால் பிடிக்க வேண்டும், போட்டோக்காரர் கைமணியை அடித்தால் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிள்ளைக்குப் பின் பிள்ளை, விளக்கு அணைக்கிற வரை.

"ஒரு நாள் கூட்டம்னா கூட்டம்," என்றார். "இன்னைக்கு அக்கா பிடி ரொம்ப இறுக்கமா இருக்கேன்னு எல்லாரும் சிரிச்சோம். மணி அடிச்சும் விடல. இழுத்து இழுத்து எடுத்தோம். அதுக்கப்புறமும் வரிசையில நின்ன அத்தனை பிள்ளைங்களையும் அவங்க மடியிலதான் வச்சோம், மேடம். முடிஞ்சு உறையக் கழட்டினப்பதான் தெரிஞ்சுது. உள்ள அவ்வளவு சூடு. எப்பவோ உயிர் போயிருந்துச்சு."

அந்தப் படங்களில் பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன என்றார். பெற்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நிர்வாகம் உறையை மட்டும் வெளுக்கப் போட்டு, கிழிசலைத் தைத்து, மறுநாளே வீட்டைத் திறந்தது.

அவள் பெயர் என்னவென்று கேட்டேன்.

"தெரியாது," என்றார். "நாற்காலி அக்கான்னுதான் கூப்பிடுவோம்."

துடைப்பத்தை மறுபடி எடுத்து, பெருக்காமல் சுவரில் சாத்தினார்.

"மணி அடிக்காம அவங்க எந்தப் பிள்ளையையும் விட்டதே இல்ல. இந்த வருஷம் சின்னப் பிள்ளைங்க எல்லாம் அழுது இறங்கிடுச்சுங்க, உங்க பிள்ள மட்டுந்தான் சாஞ்சு உக்காந்தா. உள்ள யாரும் இல்லையேன்னு நான் மணி அடிக்கல."

பரிசுப்பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தக் கைமணியை எடுத்துக் கொடுத்தார். அடித்தாலும் விடாத நாள் ஒன்று இருந்ததே என்று நான் கேட்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது கோந்து சோபாவின் மூலையில் இருந்தாள். அண்ணி எதிரே தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அண்ணி தலையசைத்தாள். மணியை அடித்தேன்.

கோந்து ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாள். மெத்தையில் விழுந்து, உருண்டு, முகம் தரையில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அண்ணி பாய்ந்து அவளை அள்ளிக்கொண்டாள். நான் மட்டும் சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மெல்ல மேலே எழும்பிச் சமமானது.

முடிந்தது என்று நினைத்தோம். அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது.

கோந்து அழுகையை நிறுத்தவில்லை. உதடு ஆறிய பிறகும் நிறுத்தவில்லை. சோபா, நாற்காலி, முக்காலி என்று ஒவ்வொன்றிடமும் போய்க் கை தூக்கி நின்றாள். யாரும் தூக்காததால் அழுதாள். அம்மாவின் கையில் இருக்கும்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடி அழுதாள். சாப்பாடு இறங்கவில்லை. எலும்பு தெரிய ஆரம்பித்தது. மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் பிள்ளையா என்று கேட்டார்.

"எனக்காக இவ ஒரு நாளும் இப்படி அழுததில்ல," என்றாள் அண்ணி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த நாள் கடையிலிருந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கூடத்தில் சாப்பாட்டு நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, அதன் மேல் சிவப்பு வெல்வெட் திரைச்சீலை ஒன்று போர்த்தியிருந்தது. திரைச்சீலையின் மடியில் கோந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். துணிக்குள்ளிருந்து இரண்டு கைகள் அவள் இடுப்பைப் பிடித்திருந்தன.

நான் அலறியிருப்பேன். அதற்குள் துணிக்குள்ளிருந்து ரகசியக் குரல் வந்தது.

"பேசாத. என் சத்தம் கேட்டா எறங்கிடுவா."

அண்ணி.

பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவள் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. திரைச்சீலை மெல்லக் குலுங்கியது. உள்ளே அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வேண்டாம் அண்ணி என்று இரவு எவ்வளவோ சொன்னேன். எழுந்து போனவளை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். பிள்ளை இன்று ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள் என்றாள். காலையில் அண்ணனோ, அழுகை நின்றால் சரி, துணி போர்த்தினால் என்ன தோரணம் கட்டினால் என்ன என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

முதலில் காலையில் கொஞ்ச நேரம். பிறகு மதியம் வரை. அப்புறம் நான் வேலைக்குக் கிளம்பும்போதும் திரைச்சீலைக்குள் இருந்தாள், திரும்பும்போதும் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரும் பதில் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் தலையசைப்பு மட்டும், துணிக்கு மேலே. கோந்து கொழுத்துக்கொண்டே வந்தாள்.

வெயில் கொளுத்திய ஒரு மதியம் கடையில் இயந்திரம் பழுதாகி என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. சூடு ஏறிய வெல்வெட். நாள் முழுக்க உழைத்த ஒரு பெரிய ஆளின் வியர்வை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"அண்ணி."

துணி அசையவில்லை. கோந்து மடியில் உட்கார்ந்து மெதுவாக ஆடிக்கொண்டிருந்தாள். அவள் உதடு காய்ந்திருந்தது. காலையில் நான் வைத்துவிட்டுப் போன பால் அப்படியே ஆடை கட்டிப்போயிருந்தது.

"அண்ணி, போதும், எந்திரிங்க."

பிள்ளையைத் தூக்கப் போனேன். வரவில்லை. அண்ணியின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை. மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணியைத் திருகப் பழகிய மெல்லிய விரல்கள் அவை. அவற்றில் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? கோந்துக்கு வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கி அழத் தொடங்கினாள். கைகள் இன்னும் இறுகின. கவுன் நசுங்கியது. பிள்ளைக்கு மூச்சு முட்டியது.

என் பையில் கைமணி இருந்தது. அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அடித்து, அந்தக் கைகள் விட்டுவிட்டால் அதன் அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும். விடாமல் இருக்கட்டும், என் அண்ணியாகவே இருக்கட்டும், பிடிவாதம் பிடிக்கிற என் அண்ணியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கோந்தின் உதடு நீலமானது.

மணியை அடித்தேன்.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

கோந்து தரையில் விழுந்தாள். நான் திரைச்சீலையைப் பிடித்து இழுத்தேன். முடி நெற்றியில் அப்பிப்போய், உடம்பெல்லாம் வியர்வையாக, கண்கள் திறந்திருக்க அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் அவள் பெற்ற பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அலறியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்வை எனக்கு நேராக இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்காமல் உட்கார்ந்தே பழகியவளின் பார்வை அது.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"எடுத்தாச்சா?" என்றாள். என் அண்ணியின் வாய். குரல் களைத்துப்போன வேறு யாருடையதோ. "அடுத்த கொழந்தைய குடுங்க."

சாயங்காலம் அண்ணன் வந்து கதவைத் தட்டும் வரை அந்தக் கைகள் இறங்கவில்லை.